வண்டிக்கா, ஆளுக்கா?

பாகலூர் என்றதும் எலகங்காவுக்கு அப்பால் இருக்கும் பெங்களூர்ப் பாகலூரை நினைப்பவர்கள் உண்டு. இது ஓசூர் வட்டத்துப் பாகலூர். ரோஜாவும் பசுமைக்குடில்களும் நிறைந்த பக்கம். இங்கிருந்து மாலூருக்கும் சர்ஜாபுரத்துக்கும் போகிற சாலைகள் கொஞ்ச தூரத்திலேயே கர்நாடகத்துக்குள் நுழைந்துவிடும். டிஎன் 70 வண்டியும் கேஏ 51 வண்டியும் ஒரே டீக்கடை வாசலில் நிற்கும். காலை ஷிப்ட் நேரத்தில் ஓசூர் சாலையைக் கவனித்தால், பின்சக்கரத்துக்கு இரு பக்கமும் சின்னச் சக்கரம் பூட்டிய ஸ்கூட்டர்கள் கூட்டத்தோடு கூட்டமாகப் போவது தெரியும். அரசு ஆணைகளில் அதன் பெயர் ‘இணைப்புச் சக்கரம் பொருத்தப்பட்ட பெட்ரோல் ஸ்கூட்டர்’. ஊர் வழக்கில் சைட் வீல் வண்டி. இரு கால்களும் பாதிக்கப்பட்டு, கைகள் நன்றாக இயங்குகிறவர்களுக்குத் தமிழக அரசு மாற்றுத்திறனாளிகள் நலத்துறை வழியாக இதை இலவசமாகவே தருகிறது. கிருஷ்ணகிரி கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் வருகிற மனுக்களில் இந்த வண்டி கேட்கும் மனு தவறாமல் இருக்கும்.

சைட் வீல் வண்டிக்கு ஸ்டிக்கர் தேவையில்லை. அந்தச் சக்கரங்களே ஓட்டுகிறவரைப் பற்றிச் சாலைக்குச் சொல்லிவிடுகின்றன. பின்னால் வரும் லாரிக்காரர் ஹாரன் அடிப்பதும் அடிக்காமல் விடுவதும் அவரவர் குணம். ஆனால் தெரியவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. கார் கதை வேறு. பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் கைக்குக் கொண்டுவந்து மாற்றிய மாருதி கார், வெளியிலிருந்து பார்த்தால் இன்னொரு மாருதி கார்தான். அதனால்தான் பின்கண்ணாடியில் சக்கர நாற்காலிப் படம் ஒட்டுகிறார்கள். அரசாங்கத்தின் கண்ணுக்கு இந்த இரண்டும் போதாது. உரிமத்தில் ஒரு வகைப்பெயர், ஆர்சி புத்தகத்தில் ஒரு குறிப்பு, இவற்றோடு மாற்றுத்திறனாளி அடையாள அட்டை என மூன்று தாள் இருந்தால்தான் ஒருவர் ‘மாற்றுத்திறனாளி ஓட்டுநர்’ ஆகிறார்.

பிரிட்டனில் இதே மனிதர் காரின் டேஷ்போர்டு மேல் ஓர் அட்டையை வைக்கிறார். நீல பேட்ஜ் என்று பெயர். பின்பக்கத்தில் அவருடைய புகைப்படம், முன்பக்கத்தில் சக்கர நாற்காலிச் சின்னமும் காலாவதித் தேதியும். ஓசூரையும் இங்கிலாந்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது வலிந்து செய்கிற காரியமாகத் தோன்றலாம். ஆனால் இரண்டு நாட்டுச் சட்டமும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். பிரிந்த இடம் எது, பிரிந்ததால் யாருக்கு என்ன கிடைத்தது என்று பார்த்தால், பாகலூர்க்காரர் ஒருவரின் அன்றாடச் சிக்கல்கள் பலவற்றுக்கு வேர் அங்கே தென்படுகிறது.

பிரிட்டனின் 1930ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் ‘இன்வாலிட் கேரேஜ்’ என்று ஒரு வண்டி வகையை வகுத்தது. உடற்குறை உள்ளவருக்காகவே வடிவமைத்துக் கட்டப்பட்டிருக்க வேண்டும்; வேறு வண்டியை மாற்றியமைத்ததாக இருக்கக் கூடாது; எடை ஐந்து ஹண்ட்ரட்வெயிட், அதாவது ஏறத்தாழ 254 கிலோவைத் தாண்டக் கூடாது. ஒன்பது ஆண்டு கழித்து வந்த இந்திய மோட்டார் வாகனச் சட்டம், 1939, இந்த வரையறையைக் கிட்டத்தட்ட அப்படியே எடுத்துக்கொண்டது. 1988இல் புதுச் சட்டம் வந்தபோது எடை வரம்பு மட்டும் போனது. ‘வெறுமனே மாற்றியமைத்ததாக இருக்கக் கூடாது’ என்ற நிபந்தனை அப்படியே நிலைத்தது.

இந்த நிபந்தனையோடு பாகலூர் சாலையைப் பாருங்கள். சைட் வீல் வண்டி என்பது என்ன? ஓசூர் டிவிஎஸ் தொழிற்சாலையிலோ வேறெங்கோ சாதாரண ஸ்கூட்டராகப் பிறந்து, பிறகு பட்டறையில் இரும்புச் சட்டமும் கூடுதல் சக்கரமும் பூட்டிக்கொண்ட வண்டி. மாற்றியமைத்தது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. சட்டத்தின் எழுத்துப்படி அது இன்வாலிட் கேரேஜே அல்ல. ஆனாலும் நாடு முழுக்க ஆர்டிஓ ஆபீஸ்கள் அதை அந்தத் தலைப்பில்தான் பதிந்தன, உரிமத்திலும் அந்தப் பெயரையே அச்சிட்டன. வேறு தலைப்பு இருக்கவில்லை. அரசே இலவசமாகக் கொடுத்த வண்டி, அரசே எழுதிய வரையறைக்குள் அடங்காமல் பல ஆண்டுகள் ஓடியது. பிரேக் இன்ஸ்பெக்டர்கள் கண்டும் காணாமல் விட்டதால்தான் பலர் வேலைக்குப் போக முடிந்தது என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை.

முடிச்சு அவிழ்ந்தது 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தில். ‘அடாப்டட் வெஹிகிள்’, மாற்றியமைத்த வாகனம், என்ற புது வகை வந்தது. கட்டும்போதே அதற்காகக் கட்டியதும் சேரும், பிறகு மாற்றியதும் சேரும். உரிமத்தில் இருந்த இன்வாலிட் கேரேஜ் என்ற பழைய தலைப்பு சட்டத்திலிருந்து போனது. அடுத்த ஆண்டு, 2020 அக்டோபரில், வாகனப் பதிவுக்கான 20ஆம் எண் படிவத்தையும் மத்திய அரசு திருத்தியது. உரிமையாளர் வகை என்ற இடத்தில் மாற்றுத்திறனாளி, அதிலும் ஜிஎஸ்டி சலுகை பெற்றவர், பெறாதவர் என்ற பிரிவுகள் சேர்ந்தன. அதுவரை வண்டி இன்னாருடையது என்பதை ஆர்சி முழுதாகச் சொல்லவில்லை. சுங்கச்சாவடியில் வாக்குவாதம்தான் நடந்தது.

ஆக, இந்தியச் சட்டம் 80 ஆண்டு கழித்து வண்டியின் வரையறையை அகலமாக்கியிருக்கிறது. பிரிட்டன் வேறு பாதையில் போனது. அங்கே தேசியச் சுகாதாரச் சேவை 1948 முதல் மாற்றுத்திறனாளிகளுக்கு மூன்று சக்கர வண்டியை வழங்கியது. இன்வாகார் என்ற பெயரில் அறியப்பட்டது. வெளிர் நீல நிறம், ஃபைபர் கிளாஸ் உடல், ஹேண்டில்பார் போன்ற பிடி. நம் இலவச ஸ்கூட்டர் திட்டத்துக்கு மூத்த பங்காளி எனலாம். ஒரே ஒரு குறை, பெரிய குறை: அதில் ஒருவர் மட்டுமே உட்காரலாம். மனைவியும் பிள்ளையும் பஸ்ஸில் வர, குடும்பத் தலைவர் தனியாக நீல டப்பாவில் போனார். பலமான காற்றில் ஆடும், தீப்பிடிக்கும் என்ற புகார்கள் தொடர்ந்தன. மோட்டார்வே எனப்படும் விரைவுச் சாலைகளில் அதற்கு இடமில்லை. 2003 மார்ச் 31ஆம் தேதியோடு சாலையிலிருந்தே எடுத்துவிட்டார்கள். இந்த ஒரு விஷயத்தில் பாகலூர் வண்டி மேல். பின்சீட்டில் மனைவி, முன்னால் பிள்ளை என்று மாரியம்மன் கோயிலுக்குப் போகலாம், போகிறார்கள்.

இன்வாகார் ஓடிக்கொண்டிருந்த காலத்திலேயே மாற்றம் தொடங்கிவிட்டது. 1970இல் ஆல்ஃப் மோரிஸ் என்ற தொழிற்கட்சி எம்பி கொண்டுவந்த தனிநபர் மசோதா சட்டமானது. அதன் 21ஆம் பிரிவு, உள்ளாட்சி மன்றங்கள் மாற்றுத்திறனாளிகளுக்கு பேட்ஜ் வழங்கலாம் என்றது. அடுத்த ஆண்டு ஆரஞ்சு நிறத்தில் வந்தது. 2000 முதல் நீலம். பேட்ஜ் வண்டிக்கு உரியதல்ல, ஆளுக்கு உரியது. சொந்தக் காரிலும் வைக்கலாம், மகன் காரிலும் வைக்கலாம், வாடகைக் காரிலும் வைக்கலாம். ஓட்டத் தெரியாதவருக்கும், உரிமமே இல்லாதவருக்கும், குழந்தைக்கும்கூடக் கிடைக்கும். அவர் வண்டியில் இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. 1977இல் தொடங்கிய மோட்டபிலிட்டி திட்டம் இதன் மறுபாதி: அரசு தரும் போக்குவரத்து உதவித்தொகையை வாடகையாகக் கட்டி, சந்தையில் கிடைக்கும் சாதாரணக் காரையே தேவைக்கேற்ப மாற்றி எடுத்துக்கொள்ளலாம்.

நம் சலுகைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் எல்லாமே வண்டியில் போய் ஒட்டிக்கொண்டிருக்கும். தமிழ்நாட்டின் சாலை வரி விலக்கு வண்டிக்கு. தேசிய நெடுஞ்சாலைச் சுங்க விதிகள், 2008, தரும் விலக்கும் மாற்றுத்திறனாளிக்கென வடிவமைத்துக் கட்டிய வண்டிக்கு. அத்திப்பள்ளியிலோ கிருஷ்ணகிரியிலோ சுங்கச்சாவடியில் அந்த விலக்கைக் கேட்பவர் கார் வைத்திருப்பவராக இருப்பார். இருசக்கர வண்டிக்குப் பொதுவாகவே சுங்கம் கிடையாது. பெரும்பாலான மாற்றுத்திறனாளிகள் ஓட்டும் வண்டிக்கு அந்த விலக்கால் ஒரு ரூபாய் மிச்சமில்லை. மூளை முடக்குவாதம் உள்ள மகளைப் பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனைக்கு மாதாமாதம் அழைத்துப் போகும் தகப்பனாருக்கும் மிச்சமில்லை. அவர் கார் சாதாரணக் கார். சக்கர நாற்காலி டிக்கியில் மடங்கிக் கிடக்கிறது. பிரிட்டனில் அதே மகளின் பெயரில் பேட்ஜ் இருக்கும்.

கார் வாங்கும்போது கிடைத்த ஜிஎஸ்டி சலுகையின் கதையும் இங்கே சொல்லத் தக்கது. கை, கால் இயக்கத்தில் 40 சதவீதத்துக்குக் குறையாத பாதிப்பு உள்ளவர்கள், நான்கு மீட்டருக்கு மிகாத சிறிய காரை 28 சதவீத வரிக்குப் பதிலாக 18 சதவீத வரியில் வாங்க முடிந்தது. அதற்கு மத்தியக் கனரகத் தொழில்துறையின் சான்றிதழ் வேண்டும். மருத்துவச் சான்று, உறுதிமொழி என்று தாள் மேல் தாள். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்கள் எல்லாவற்றுக்குமே வரி 18 சதவீதமாகக் குறைந்தது. ஊருக்கே நல்லதுதான். ஆனால் சலுகை என்பது சலுகையாக இல்லாமல் போயிற்று. வண்டியின் விலையில் கட்டிவைத்த உதவி, விலை அசைந்தால் கரைந்துவிடும்.

சரி, பிரிட்டன்காரருக்கு அந்த நீல அட்டை என்ன தருகிறது? இடம். கடை வாசலுக்கு அருகே ஒதுக்கிய இடத்தில் நிறுத்தலாம். மற்றவர் நிறுத்தினால் அபராதம் விழும் மஞ்சள் கோட்டின் மேல், இங்கிலாந்தில் மூன்று மணி நேரம் வரை நிறுத்தலாம். வந்த நேரத்தைக் காட்ட அட்டைக் கடிகாரம் ஒன்றும் சேர்த்து வைக்க வேண்டும். பணமாகப் பார்த்தால் சிறியது. ஆனால் தினமும் கிடைப்பது. நம் முறை வண்டி வாங்கும் நாளில் கைநிறையக் கொடுத்துவிட்டு, மறுநாள் காலை வண்டியை எங்கே நிறுத்துவது என்ற கேள்விக்கு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.

எழுத்தில் எதுவும் இல்லை என்று சொல்ல முடியாது. தேசியக் கட்டட விதித்தொகுப்பு, வாசலிலிருந்து 30 மீட்டருக்குள் இரண்டு கார்களுக்கு இடம், ஒவ்வொன்றும் குறைந்தது 3.6 மீட்டர் அகலம் என்று அளவு சொல்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பேருந்து நிலையம், ரயில் நிலையங்களில் வாகன நிறுத்துமிடம் தர வேண்டும் என்கிறது; வண்டிகளை மாற்றியமைக்க உதவும் திட்டங்களையும் வகுக்கச் சொல்கிறது. ஆனால் இந்தச் சட்டத்தின் கீழ் வந்த அணுகல் விதி கட்டாயத்தன்மை இல்லாத வழிகாட்டலாகவே நிற்கிறது என்று 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்சநீதிமன்றம் கண்டித்து, கட்டாயமான விதிகளை வகுக்கச் சொல்லியிருக்கிறது. மனிதருக்கான அட்டையும் நம்மிடம் இல்லாமல் இல்லை. யூடிஐடி எனப்படும் தேசிய அடையாள அட்டை, பாதிப்பின் அளவைப் பொறுத்து வெள்ளை, மஞ்சள், நீலம் என மூன்று நிறத்தில் வருகிறது. 80 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் நீலம். தற்செயலாக நிறம்கூடப் பொருந்துகிறது. ஆனால் அந்த அட்டையைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால் எந்த இடத்திலும் எந்த உரிமையும் பிறக்காது. சட்டைப்பையில் இருக்க வேண்டியது அது.

மிச்சம் இருப்பது ஸ்டிக்கர். சக்கர நாற்காலிச் சின்னத்தை 1968இல் டென்மார்க்கைச் சேர்ந்த சுசான் கோஃபோட் என்ற மாணவி வரைந்தார்; தலை வட்டம் அடுத்த ஆண்டு சேர்ந்தது. ஓசூரில் எந்த ஆக்சஸரீஸ் கடையிலும் கிடைக்கும். ‘கடவுள் துணை’, ‘பேபி ஆன் போர்டு’ வரிசையில் அதுவும் தொங்கும். இதோடு எல் போர்டை ஒப்பிட வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதிகள் எல் போர்டுக்கு 18 செ.மீ. சதுரம், வெள்ளைப் பின்னணி, சிவப்பு எழுத்து, எழுத்தின் உயரம் 10 செ.மீ., தடிமன் 2 செ.மீ., அடி அகலம் 9 செ.மீ. என்று தச்சர் கணக்கில் அளவு கொடுக்கின்றன. சில மாதம் பழகுகிறவருக்கு இவ்வளவு அக்கறை. வாழ்நாள் முழுக்கக் கையால் பிரேக் பிடிக்கிறவரின் சின்னத்துக்கு அப்படி நாடறிந்த அளவோ, கொடுக்கும் அதிகாரியோ கிடையாது.

யாரும் ஒட்டலாம் என்பதால் யாரும் மதிப்பதில்லை. போலி பிரிட்டனிலும் உண்டு. செத்துப்போன பாட்டியின் பேட்ஜை வைத்து லண்டனில் கார் நிறுத்துகிறவர்கள் பிடிபடுகிறார்கள், கார் கண்ணாடியை உடைத்து பேட்ஜைத் திருடுவதும் நடக்கிறது. தவறாகப் பயன்படுத்தினால் 1,000 பவுண்டு வரை அபராதம். தாளில் நம் தண்டனை அதைவிடக் கடுமை: மாற்றுத்திறனாளிகளுக்கான பயனை மோசடியாகப் பெற்றால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் ஸ்டிக்கரே எந்தப் பயனையும் தராதபோது, அதைப் பொய்யாக ஒட்டியவர் எதை மோசடி செய்தார் என்று வழக்குப் போடுவது? திருடத் தகுந்த மதிப்பு பிரிட்டன் பேட்ஜுக்கு இருக்கிறது.

உரிமத்துக்கு வருவோம். இதில் பிரிட்டனின் முறை நுணுக்கமானது. உரிம அட்டையின் பின்பக்கம் எண்கள் இருக்கும். 01 என்றால் பார்வைக்குக் கண்ணாடி, 15 என்றால் மாற்றிய கிளட்ச், 20 பிரேக், 25 ஆக்சிலரேட்டர், 40 ஸ்டியரிங், 78 ஆட்டோமேட்டிக் மட்டும். மூக்குக் கண்ணாடி போட்டவரும் கையால் பிரேக் பிடிப்பவரும் ஒரே பட்டியலில் வருகிறார்கள். உரிமம் கார் உரிமம்தான், அதற்குக் கீழே ஒரு நிபந்தனை, அவ்வளவே. நமக்கு ‘மாற்றியமைத்த வாகனம்’ என்ற ஒற்றைப் பெட்டி. இடது கால் மட்டும் பாதித்தவருக்குக் கடையில் கிடைக்கும் எந்த ஆட்டோமேட்டிக் காரும், ஒரு திருகு மாற்றாமலே, போதும். இரு காலும் இயங்காதவருக்கு முழுக் கைக்கட்டுப்பாடு வேண்டும். இருவரும் நம் உரிமத்தில் ஒரே வகைக்குள் போய் விழ நேர்கிறது. தேர்வுக்கு வரும்போது வண்டியையும் தாமே கொண்டுவர வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அப்படியொரு காரை வைத்துப் பழக்கும் டிரைவிங் ஸ்கூல் அரிது. சைட் வீல் ஸ்கூட்டரோ எட்டுப் போடுகிற தடத்துக்குப் பொருந்தாத வண்டி. இரண்டு சக்கரத்தில் சமநிலையைச் சோதிக்க வரைந்த தடம் அது. சாயாத வண்டியை அதில் ஓட்டச் சொல்லி எதைக் கண்டுபிடிக்கலாம்? அந்த வண்டிக்கு வேகத்தில் திரும்பும்போது உள்பக்கச் சக்கரம் தூக்குகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

வெளியே எதுவுமே தெரியாதவர்கள் இன்னொரு கூட்டம். ஓசூர் டைட்டன் ஆலையில் காது கேளாதவர்கள் பல ஆண்டுகளாக வேலை செய்கிறார்கள். தேர்வில் தேறினால் காது கேளாதவருக்கு உரிமம் மறுக்கக் கூடாது என்ற வழியை 2011இல் டெல்லி உயர்நீதிமன்றம் திறந்தது. ஆனால் முன்னே ஓட்டுகிறவருக்குக் காது கேட்காது என்று பின்னால் ஹாரன் அடிப்பவருக்குச் சொல்ல வண்டியில் ஒன்றும் இல்லை. ஜப்பான் இதற்கு 2008இல் வழி கண்டது: பச்சைப் பின்னணியில் மஞ்சள் பட்டாம்பூச்சிச் சின்னம். ஒட்டிய காரை நெருக்கினாலோ குறுக்கே புகுந்தாலோ அபராதம். பிரிட்டன் பேட்ஜ் நிறுத்தும் இடத்தில் மட்டுமே பேசும், ஓடும்போது பேசாது. ஜப்பான் சின்னம் ஓடும்போது பேசுகிறது. சின்னம் ஒட்டுவதையே அவமானமாக நினைப்பவர்களும் இருப்பார்கள். ஒட்டச் சொல்லிக் கட்டாயப்படுத்தும் முன், அதை மதிக்காதவருக்கு என்ன தண்டனை என்று ஜப்பான்போல முதலில் எழுதுவதுதான் முறை.

எல்லை ஊர் என்பதால் இன்னொன்று. மோட்டார் வாகனச் சட்டத்தின் 13ஆம் பிரிவுப்படி உரிமம் இந்தியா முழுக்கச் செல்லும். பாகலூரில் எடுத்தது சர்ஜாபுரத்தில் செல்லும். வரி விலக்கு அப்படியல்ல. அது அந்தந்த மாநிலத்தின் ஆணை. வீட்டை எல்லை தாண்டி அத்திப்பள்ளிக்கு மாற்றி வண்டியை அங்கேயே 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் கர்நாடகப் பதிவு வாங்க வேண்டும். அந்த மாநிலத்து விதி, அந்த மாநிலத்து விண்ணப்பம், பெரும்பாலும் புதிதாக ஒரு மருத்துவச் சான்று. மனிதரின் கால் எல்லையில் மாறவில்லை. பிரிட்டனிலும் ஒரு அத்திப்பள்ளி இருக்கிறது, அதுவும் தலைநகரத்துக்குள்: லண்டன் நகர மையத்தில் வெஸ்ட்மின்ஸ்டர் உள்ளிட்ட நான்கு பகுதிகளில் நீல பேட்ஜின் பொது விதி முழுமையாகச் செல்லாது, உள்ளூர் விதி தனி.

பேட்ஜை அப்படியே இங்கே இறக்குமதி செய்தால் போதும் என்று நான் நினைக்கவில்லை. நீல பேட்ஜ் கார் வைத்திருக்கும் நாட்டின் யோசனை. 3.6 மீட்டர் என்ற நம் அளவும் காருக்கான அளவு; பக்கத்தில் சக்கர நாற்காலியை இறக்க இடம் விட்டது. பாகலூர்க்காரரின் சிக்கல் ஓசூர் பஸ் ஸ்டாண்டு போன்ற இடங்களின் டூவீலர் நிறுத்தத்தில் இருக்கிறது. சைட் வீல் வண்டி மற்ற வண்டிகளைவிட அகலம். பின்னுக்குத் தள்ளி எடுக்கக் காலூன்ற முடியாது. பலவற்றில் ரிவர்ஸ் கியரும் கிடையாது. காலையில் ஓரமாக விட்டுப் போனவர் மாலையில் வரும்போது இரண்டு பக்கமும் பைக்குகள் ஒட்டி நிற்கும். ஊன்றுகோலை வைக்க இடமில்லை. ஸ்டாண்டில் இருக்கும் பையனைக் கூப்பிட்டு, ‘தம்பி, இந்த ரெண்டு வண்டியையும் கொஞ்சம் நகர்த்திக் குடுப்பா’ என்று கேட்க வேண்டும். கேட்டால் நகர்த்துவான். கேட்காமலே எடுத்துப் போக, சாய்தளத்துக்கு அருகில், நேராக நுழைந்து நேராகவே வெளியேறுகிற மாதிரி ஒன்றரை மீட்டர் அகலத்தில் நான்கு தடம் கோடு போட்டால் போதும். அதற்கு மத்தியச் சட்டம் வேண்டாம். நிறுத்தத்தை ஏலம் விடும்போது நகராட்சியோ மாநகராட்சியோ ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கலாம்.